ஓரத்தில் எழுதக் கூடாது

அக்ஷய வருஷம், தை 21

சாமியா பிள்ளையோடு இன்றைக்கும் சண்டை. மனிதருக்குப் பத்திரிகையைக் கையில் எடுத்தால் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. வாசகசாலையின் நடு பெஞ்சில் உட்கார்ந்து, பட்டாசுக்கட்டு வெடிக்கிற மாதிரி செய்தி படிக்கிறார். நான் சுவரில் இருக்கிற பலகையைக் காட்டினேன். என் கையாலேயே எழுதி மாட்டிய பலகை அது. 'மனதிற்குள் படிக்கவும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது. ஓரத்தில் எழுதக் கூடாது.'

"அதென்னவே மனசுக்குள்ள படிக்கது? அப்புறம் படிச்சோமா இல்லையான்னு எனக்கே எப்படித் தெரியும்?" என்கிறார். கீழே எண்ணெய்க் கடையில் நிற்பவர்கள் வரை சிரித்தார்கள். இந்த ஊரில் வாசகசாலைக் காரியஸ்தனாக இருப்பதற்கு, சந்தையில் தவம் பண்ணலாம்.

மாலையில் ஜவுளிக்கடை சங்கரலிங்கம் 'தாமரைநாயகி அல்லது கடல் கடந்த கணவன்' முதல் பாகத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒரே பாகத்தை இரண்டாம் தடவையாக எடுத்துப் போயிருந்தார். இந்த மாதிரி நாவல்களை வாங்கவே கூடாது என்று நான் கமிட்டியில் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? இப்போது மூன்று பாகமும் அலமாரியில் தங்குவதே இல்லை.

புத்தகத்தைப் பிரித்தால் மறுபடியும் ஓரமெல்லாம் பென்சில். போன தடவை அத்தனையையும் ரப்பரால் அழித்துச் சுத்தம் செய்து வைத்திருந்தேன். அதே இடங்களில் அதே பொடி எழுத்து. 'நாயகி இத்தனை பக்கம் அழுகிறாள், ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லையே.' 'கணவனுக்கு ஊர் நினைவு வர நிலா வேண்டியிருக்கிறது.' கடைசி ஏட்டில் புதிதாக ஒன்று: 'அழிக்கிறவர் படித்துவிட்டுத்தான் அழிக்கிறாரா?'

அதையும் அழித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அழித்தேன்.

தை 24

சங்கரலிங்கத்தைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். "தம்பி, தாமரைநாயகியோட கணவன் எந்த ஊருக்குக் கப்பல் ஏறினான்?"

முழித்தார். "கப்பலா? எந்தக் கப்பலு அண்ணாச்சி?"

துணி கிழிக்கிற கைக்கு இந்த எழுத்து வராது என்று எனக்கு முதலிலேயே சந்தேகம். உண்மை வெளியே வந்தது. படிப்பது அவருடைய தங்கை உலகம்மாள். கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண். புருஷன் வியாபாரத்துக்கென்று கொழும்புக்குப் போனவன், கடுதாசி போடுவதையும் நிறுத்திவிட்டான். அதிலிருந்து அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

"எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும் அண்ணாச்சி. கடைக் கணக்கோட சரி. அவ கேக்கா, நான் வாங்கிட்டுப் போறேன். தப்பா?"

தப்பில்லை. ஆனால் ஓரத்தில் எழுதக் கூடாது என்று சொல்லச் சொன்னேன்.

"சொல்லிப் பாக்கேன். கேக்க மாட்டா" என்றார். இரண்டாம் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன்.

தை 27

வசம்பு வாங்கிப் பொடித்து அலமாரிகளில் வைத்தேன். வசம்பு பற்றாத தட்டுகளில் புத்தகங்களுக்குள் காய்ந்த வேப்பிலை. ஏட்டை அரிக்கிற ராமபாணப் பூச்சி இந்த வருஷம் அதிகம்.

மாசி 2

ஊரில் அம்மை. கீழத்தெருவில் மூன்று வீட்டு நிலையில் வேப்பிலை தொங்குகிறது. ஒரு குழந்தை போய்விட்டதாம்.

இன்று போஸ்ட்மாஸ்டர் ஒரு புத்தகத்தைப் பிரித்தவர் தேள் கொட்டியவர்போல் எறிந்துவிட்டு எழுந்தார். உள்ளே நான் பூச்சிக்கு வைத்த வேப்பிலை. "இது எந்த வீட்டுல இருந்து வந்த புஸ்தகம்?" என்று கத்தினார். எந்த வீட்டிலிருந்தும் இல்லை, நான்தான் வைத்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் பாதிப் பேர் படியிறங்கிவிட்டார்கள். வருஷக்கணக்காக நான் செய்து வரும் காரியம் இது. பூச்சியைத் துரத்த வைத்த இலை வாசகர்களைத் துரத்திவிட்டது.

சாமியா பிள்ளை மட்டும் அசையவில்லை. "இப்பதான்வே நிம்மதியாச் சத்தமாப் படிக்கலாம்" என்றார்.

மாசி 5

இரண்டாம் பாகம் தவணை தாண்டிவிட்டது. சங்கரலிங்கம் கடை பூட்டியிருக்கிறது.

பேப்பர் ஏஜெண்டைப் பார்க்கப் போகிற வழியில் அவர்கள் தெரு வழியாகப் போனேன். நிலையில் வேப்பிலைக் கொத்து. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. எதிர்வீட்டுக்காரி சொன்னாள், "உலகாளுக்கு முத்து போட்டிருக்கு. முகமெல்லாம் அம்மா விளையாடுதா."

சாமியா பிள்ளையிடம் சொன்னேன். "ஏஜெண்டு வீட்டுக்கு அந்தத் தெரு வழியா எதுக்குவே போனீரு? அது சுத்து வழில்லா?" என்றார். சில சமயம் சுற்று வழியிலும் போகலாம்.

மாசி 7

நகரசபையிலிருந்து சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். மாயவரம் பக்கத்து ஆள், கெட்டவர் இல்லை, தூக்கம் கெட்ட முகம். அம்மை கண்ட வீட்டில் இருக்கும் வாசகசாலைப் புத்தகங்களை வாங்கி எரித்துவிட வேண்டும் என்று உத்தரவு.

கந்தகப் புகை போட்டுப் பதினைந்து நாள் வெயிலில் வைத்தால் போதாதா என்று கேட்டேன். மேல்நாட்டு வாசகசாலைகளில் அப்படிச் செய்கிறார்கள் என்று படித்திருக்கிறேன்.

"சார், போன வாரம் நான் ஆறு பாயை எரிச்சேன். அதுல ஒண்ணு கல்யாணப் பாய். அந்த அம்மா என் காலைப் பிடிச்சுண்டு அழுதா. உங்க ஒரு புஸ்தகத்துக்காக நான் விதி மாத்த முடியுமா?"

விதி என்று சொன்னால் நான் என்ன பேச முடியும்? நானே விதியைப் பலகையில் எழுதி மாட்டியவன்.

ஆனால் புத்தகம் கைக்கு வராது. முத்து இறங்கித் தலைக்கு மூன்றாம் தண்ணீர் விடும் வரை அம்மை கண்ட வீட்டிலிருந்து ஒரு துரும்பு வெளியே போகக் கூடாது, அம்மன் கோபித்துக்கொள்வாள் என்பது அவர்கள் முறை. இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டிப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

மாசி 9

இளநீர் வாங்கி அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். தெருவில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. எனக்குப் பயமில்லை. சின்னப் பிள்ளையிலேயே எனக்கு அம்மை வந்து போனது. முகத்தில் சாட்சி இருக்கிறது. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் அந்தச் சாட்சியைத்தான் முதலில் பார்த்தார்கள். அப்புறம் நான் யார் வீட்டுக்கும் போகவில்லை.

மாசி 10

இளநீர்.

மாசி 12

இளநீர். உள்ளேயிருந்து முனகல் கேட்டது. சங்கரலிங்கம் சன்னல் வழியே பார்த்தார். கை மட்டும் கூப்பினார்.

வாசகசாலையில் ஈ ஓட்டினேன். தாமரைநாயகி மூன்றாம் பாகத்தை வாசிக்கக் கேட்டு ஒருவர் ஆள் அனுப்பியிருந்தார். கைவசம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. இரண்டாம் பாகம் படித்துக்கொண்டிருக்கிறவருக்குத்தானே மூன்றாம் பாகம் முதலில் போக வேண்டும்? அதுதான் முறை.

மாசி 19

பிழைத்துவிட்டாள்.

மூன்றாம் தண்ணீர் விட்டாகிவிட்டது. சங்கரலிங்கம் இரண்டாம் பாகத்தை வேப்பிலையில் சுற்றிக் கொண்டுவந்து, படியேறாமல் கீழேயே நின்றார். ஆள் பாதியாகிவிட்டார்.

"பொழைச்சுட்டா அண்ணாச்சி. ஆத்தா மடிப்பிச்சை போட்டுட்டா."

கீழே இறங்கிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் பாகம் எடுத்து வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொன்னேன். என்னவோ சொல்ல வந்தவர், தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். களைப்பு.

மாசி 20

இன்ஸ்பெக்டர் மதியம் வருவதாகச் சொல்லி அனுப்பினார். அதற்குள் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன்.

ஓரமெல்லாம் எழுத்து. 'நாயகி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு இடத்திலாவது எழுதியிருக்கலாம்.' 'கணவன் கடிதம் எழுதாததற்குக் காரணம் சொல்ல இவருக்கு நாலு அத்தியாயம் வேண்டியிருக்கிறது. எனக்கு ஒரு காரணமும் தெரியாமலே காலம் போகிறது.' சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. பாதிப் புத்தகத்துக்கு மேல் எழுத்து பெரிதாகிக் கோணியிருந்தது. காய்ச்சலில் எழுதியிருக்க வேண்டும். கடைசியாக ஒரு வரி: 'இன்று எழுத்து கலங்கித் தெரிகிறது. மீதி நாளைக்கு.'

அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் சுத்தம். நான் எப்போதும் விரும்புகிற மாதிரி சுத்தம்.

என் கை தன்பாட்டில் ரப்பரை எடுத்திருந்தது. எரியப் போகிற புத்தகம்! பழக்கம் மனிதனை என்ன பாடு படுத்துகிறது. ரப்பரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தேன்.

கொல்லையில் வைத்து எரித்தேன். இன்ஸ்பெக்டர் தள்ளி நின்று பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நல்ல அட்டை, சீக்கிரம் பற்றவில்லை. இரண்டு தடவை மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது.

மாசி 21

வேலை ஓடவில்லை. சாமியா பிள்ளை சத்தமாகப் படித்தார். விட்டுவிட்டேன்.

பங்குனி 3

இத்தனை நாளாகியும் மூன்றாம் பாகம் வாங்க சங்கரலிங்கம் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. நானே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

சங்கரலிங்கம் புத்தகத்தைத் தொடவில்லை. "வேண்டாம் அண்ணாச்சி" என்றார்.

"உத்தரவு முடிஞ்சு போச்சு தம்பி. இனிமே பயமில்லை."

"பயத்துக்குச் சொல்லல." கழுத்தில் போட்டிருந்த அளவு நாடாவை எடுத்து மேசையில் வைத்தார். "கண்ணுக்குள்ளயும் முத்து போட்டுட்டு அண்ணாச்சி. ரெண்டு கண்ணும். வைத்தியர் பாத்துட்டு ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாரு. அன்னைக்கே உங்ககிட்டச் சொல்ல வந்தேன். நீங்க சந்தோஷப்பட்டிய, எனக்கு வாய் வரல."

புத்தகத்தைத் திரும்பக் கொண்டுவந்து இழுப்பறையில் வைத்தேன். வேறு என்ன எழுத?

பங்குனி 4

தன்னால் முடியாதென்று சங்கரலிங்கம் சொல்லிவிட்டார். கேட்டுப் பார்த்தேன், நீரே அவளுக்குப் படித்துக் காட்டக் கூடாதா என்று. நேற்று ராத்திரி பேப்பரை வைத்து முயன்றாராம். "ஒவ்வொரு எழுத்தாக் கூட்டி நான் ஒரு வரி முடிக்கதுக்குள்ள அவ அழுதுட்டா. அழுகையா சிரிப்பான்னு தெரியல. போதும் அண்ணான்னுட்டா."

சாமியா பிள்ளையை அனுப்பலாம். அவர் தொண்டைக்குக் குறைவில்லை. ஆனால் அவர் நடுவில் தன் அபிப்பிராயத்தைச் சேர்த்துச் சேர்த்துப் படிப்பார். மூலத்துக்குப் பங்கம்.

பங்குனி 5

நானே போனேன்.

வீட்டுக்குள் போவது முறையில்லை. தெருவோரச் சன்னல் அருகே சங்கரலிங்கம் ஒரு முக்காலி போட்டார். அழிக்கம்பிக்கு அந்தப் பக்கம் நிழலில் அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது, முகம் தெரியவில்லை. நான் பார்க்கவும் முயலவில்லை. மூன்றாம் பாகத்தைப் பிரித்தேன். குரல் வரவில்லை. சின்னப் பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் வாய்விட்டுப் படித்ததே இல்லை.

"கொஞ்சம் சத்தமாப் படிங்க அண்ணாச்சி. எனக்குக் கண்ணுதான் போயிருக்கு. நீங்க காதும் போன மாதிரிப் படிக்கிய."

முதல் தடவையாக அவள் குரலைக் கேட்டேன். ஓரத்து எழுத்து மாதிரியேதான் இருந்தது.

படித்தேன். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். காது மடல் சூடாகியது, இருந்தாலும் நிறுத்தவில்லை. முதல் அத்தியாயம் முடிந்ததும் அவள் கேட்டாள், "ரெண்டாம் பாகம் எங்க இருக்கு?"

"எரித்துவிட்டேன். உத்தரவு."

அப்புறம், "எரிக்காட்டியும் அழிச்சிருப்பிய. மொதப் பாகத்துல எழுதினதெல்லாம் நீங்கதான அழிச்சது?"

"நான்தான்."

"படிச்சிட்டுத்தானே?"

படித்துவிட்டுத்தான் என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

பங்குனி 7

சாமியா பிள்ளை இன்று என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று பலகையைக் காட்டினார். "மனசுக்குள்ள படிக்கணும்னு போட்டிருக்கு. தேரடி வரைக்கும் கேக்குதுவே உம்ம சத்தம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்காமல் பக்கத்தில் வந்து, "அந்தப் பிள்ளைக்கு முடிவு எப்படி இருக்குன்னு பாத்துப் படியும்" என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கும் மெதுவாகப் பேச வருகிறது.

முடிவு எப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரியும். அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. கணவன் திரும்பி வருகிறான். இத்தனை வருஷத் துயரத்திலும் ஒரு வடுவும் இல்லாமல் பளிங்குபோல் இருக்கும் நாயகியின் முகத்தைக் கண்டு பிரமித்து, காலில் விழுந்து அவளைச் சேர்த்துக்கொள்கிறான். முகவர்ணனை மட்டும் இரண்டு பக்கம், முன்னும் பின்னுமாக ஒரே ஏடு. ஆசிரியர் யாரோ, அவருக்குப் பெண்களின் முகம் தவிர வேறு வேலை இல்லை. நானே படிக்கும்போது அந்த ஏட்டை வேகமாகப் புரட்டினவன். கண்ணாடி பார்க்காமல் சவரம் செய்கிறவனுக்கு அந்த வர்ணனை எதற்கு?

பங்குனி 12

இன்று முடிவு.

ஒரு ஏட்டை விட்டுவிடுவது என்று போகும்போதே தீர்மானித்துக்கொண்டேன். ஒரு புத்தகத்திலிருந்து ஒரு ஏடு காணாமல் போனால் வாசகரைப் படியேற விடாதவன் நான். கப்பல் துறைமுகம் வந்தது, கணவன் வண்டி பிடித்தான், வாசலில் இறங்கினான். அங்கே ஏட்டைத் தள்ளி, 'இருவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டனர்' என்று தொடர்ந்தேன்.

"நிறுத்துங்க."

நிறுத்தினேன்.

"தாளு சத்தம் ரெண்டு தடவ கேட்டுது. ஒரு ஏடு விட்டுட்டிய."

இல்லையே என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"அண்ணாச்சி, இந்த வீட்டுல எல்லாரும் எனக்குன்னு கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் பேசுதாங்க. கண்ணாடிய ஒளிச்சு வச்சிருக்காங்க, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு. நீங்களாவது முழுசாப் படிங்க."

படித்தேன். வாடாத முகம், வடுவற்ற கன்னம், பளிங்கு நெற்றி. ஒவ்வொரு சொல்லும் என் முகத்திலும் உரசிக்கொண்டு போனது. கடைசி வரி வரைக்கும் படித்து மூடினேன். சங்கரலிங்கம் நிலைப்படியில் தலை குனிந்து நின்றார்.

அவள் கேட்டாள், "பென்சில் இருக்கா?"

இருந்தது.

"நான் சொல்லுதத அந்த ஓரத்துல எழுதுங்க. 'முகம் வாடவில்லை, அதனால் சேர்த்துக்கொண்டான். வாடியிருந்தால் என்ன செய்திருப்பான்? அதை எழுத இவருக்குப் பயம்.' எழுதியாச்சா?"

நான் எழுதவில்லை. பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

"போறியளா? கோவமா?" என்றாள். முதல் தடவையாக அந்தக் குரல் நடுங்கியது.

"கோபமில்லை அம்மா. பென்சில் அழியும். மை கொண்டு வருகிறேன்."

வாசகசாலைக்கு ஓடினேன். இந்த வயதில் தெருவில் ஓடுகிற மனிதனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று தெரியும். மைக்கூட்டையும் பேனாவையும் எடுத்து வந்து, அவள் சொன்னதைச் சொன்னபடி அந்த ஏட்டின் ஓரத்தில் எழுதினேன். அப்புறம் எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "சரியா இருக்கு" என்றாள்.

பிரபவ வருஷம், சித்திரை 4

கமிட்டியில் காரியதரிசி மூன்றாம் பாகத்தைக் காட்டிக் கேட்டார், இது யார் எழுத்து என்று. என் எழுத்து என்றேன். பலகையை மாட்டினவரே இப்படிச் செய்யலாமா என்றார். செய்யலாமா என்று நான் யோசிக்கவில்லை என்றேன். எச்சரிக்கை செய்து விட்டார்கள்.

சாமியா பிள்ளை அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்துவிட்டு, "யாருவே இது? ஆசிரியர விடக் கெட்டிக்காரரா இருக்காரே" என்றார். உலகம்மாள் என்று பெயரைச் சொன்னேன். அவள் அடுத்து ஒரு யாத்திரைப் புத்தகம் கேட்டிருக்கிறாள். நாளைக்குத் தொடக்கம்.

எரித்ததற்குப் பதிலாக எழுதிக் கேட்டிருந்த தாமரைநாயகி இரண்டாம் பாகம் புதுப்பிரதி சென்னையிலிருந்து தபாலில் வந்தது. மை வாசனை போகவில்லை, ஓரமெல்லாம் வெள்ளை. முத்திரை குத்தி எண் போட்டேன். வாசகசாலையைப் பூட்டும் நேரம் வரைக்கும் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் எழுதியது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது, எந்தப் பக்கம், எந்த வரிக்கு நேர் என்பது உட்பட. மைக்கூட்டைத் திறந்து முதலிலிருந்து எழுத ஆரம்பித்தேன். 'மீதி நாளைக்கு' என்ற வரி வரைக்கும் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு உள்ள பக்கங்களை அவளுக்காக விட்டுவைத்தேன்.